தேதியோடு ஒரு வரவேற்புரை

ஒருவர் எழுதியதையெல்லாம் படித்தவனை அவருக்கு வரவேற்புரை சொல்ல மேடை ஏற்றக் கூடாது. ஒரு வரிகூடப் படிக்காதவன்தான் அந்த வேலைக்குச் சரியான ஆள். அவன் 'மேதையே' என்பான், 'மலையே' என்பான், மாலையைப் போட்டுவிட்டு இறங்கிவிடுவான். வந்தவருக்கும் சந்தோஷம், கூட்டத்துக்கும் சந்தோஷம். இந்தச் சின்ன உண்மை அறுபத்தாறாம் வருடம் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் மாலைப்பொழுது வரை எனக்குத் தெரியாமல் இருந்தது. (ஆங்கிலத் தேதியும் தெரியும். எழுதினால் என் மனைவி படித்துவிட்டு, 'இன்னும் திருந்தலையா' என்பாள். விட்டுவிடுகிறேன்.)

அப்போது நான் சிதம்பரத்தில் பொருளாதாரம் எம்.ஏ. முடித்துவிட்டு, வேலை இல்லாமல், அதைப் பற்றிய வெட்கமும் இல்லாமல் இருந்தேன். அறை நண்பர்கள் சினிமாப் பாட்டை மனப்பாடம் செய்தார்கள். நான் வாசகசாலையில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளை மனப்பாடம் செய்தேன். எந்த மந்திரி எந்தக் கிழமை எந்த ஊரில் என்ன வாக்குக் கொடுத்தார், அதை எந்தக் கிழமை மறுத்தார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். இதற்கு அறிவு என்று பெயர் வைத்திருந்தேன். ஒருவகை வியாதி அது என்று எடுத்துச் சொல்ல அந்த அறையில் வைத்தியம் படித்தவன் யாரும் இல்லை.

நான் மிக அதிகமாகப் படித்தது டாக்டர் மார்க்கசகாயத்தை. (பெயரை மாற்றியிருக்கிறேன். அவர் மாற்றிக்கொண்ட கருத்துகளை எண்ணிப் பார்த்தால் பெயரை மாற்றியதற்கு வருத்தப்பட மாட்டார்.) சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, லண்டன் வரை போய்ப் படித்துவிட்டு வந்த பொருளாதார நிபுணர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் கட்டுரை எழுதுவார். பட்ஜெட்டுக்கு மறுநாள் ரேடியோவில் பேசுவார். தொண்டையைக் கனைப்பதிலேயே ஒரு தீர்ப்பு இருக்கும். விலை ஏறினாலும் இறங்கினாலும் அவரைத்தான் கேட்பார்கள். அவர் சொன்னதற்கு நேர்மாறாக நடந்தாலும், ஏன் அப்படி நடந்தது என்று கேட்க மறுபடி அவரிடமே போவார்கள். வேறு எந்தத் தொழிலிலும் இந்த வசதி இல்லை. சமையல்காரர் சோற்றைக் குழையவிட்டால், 'ஏன் குழைந்தது என்று நாளைக்கு வந்து ஒரு மணி நேரம் பேசுங்கள்' என்று யாரும் அவருக்குக் கார் அனுப்புவதில்லை.

இனி என் தாய்மாமன். ராமலிங்க மாமா கடலூர் முதுநகரில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். (நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம்.) மண்டி வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவரும் அவரே. அவருடைய மகள் வசந்தாவை எனக்குக் கொடுப்பது என்று நான் அரை டவுசர் போட்ட காலத்திலேயே பேச்சு இருந்தது. நான் எம்.ஏ. முடித்துச் சும்மா இருக்க ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு நின்றுபோனது. மாமா ஒளிவுமறைவு இல்லாதவர்.

"மாப்ள, நீ நல்ல பையன்தான். ஆனா உத்தியோகம் இல்லாதவனுக்குப் பொண்ணக் குடுத்தா, மண்டில நம்ம ஆளுங்க என்னையே தராசுல தூக்கி வெச்சி எட போட்டுடுவானுங்க."

அந்த ஆவணியில் டாக்டர் மார்க்கசகாயம் பல்கலைக்கழகத்தில் பேசச் சிதம்பரம் வந்தார். சென்னையில் அவர் ஓர் ஆராய்ச்சி அலுவலகம் திறக்கப்போவதாகவும், அதற்கு உதவியாளர் ஒருவர் தேவை என்றும் மாமாவுக்கு எப்படியோ சேதி கிடைத்தது. உடனே சங்கத்தைக் கூட்டினார். அப்போது ரூபாயின் மதிப்பைச் சர்க்கார் குறைத்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதை விளக்க ஒரு நிபுணர் வந்தால் நல்லதுதானே என்று எல்லாரும் தலையாட்டினார்கள். கூட்டம் முதுநகரில், சங்கக் கட்டட மாடியில். அவரைச் சிதம்பரத்திலிருந்து காரில் அழைத்து வருவதும் வரவேற்புரை சொல்வதும் என் பொறுப்பு. மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ரொம்ப வேணாம். இமயமே, சிகரமே, தென்னாற்காட்டுத் தங்கமேன்னு நாலு போடு. மாலையப் போட்டுட்டு எறங்கு. சாப்பாட்டு நேரத்துல நான் வேலையப் பத்திப் பேசிக்கிறேன். தையில கல்யாணம்."

அந்தக் காலத்தில் மைக் முன்னால் நின்ற எவரும் மூன்று பட்டத்துக்குக் குறைவாக யாரையும் கூப்பிட்டதில்லை. கூட்டுறவு வங்கிக் காசாளரைக்கூட 'கருணைக் கடலே' என்று அழைத்ததை நானே கேட்டிருக்கிறேன். எனக்கு இதெல்லாம் கேவலமாகப் பட்டது. ஆதாரம் இல்லாத புகழ் புகழா என்று கேட்டுக்கொண்டேன். கேள்வி நல்ல கேள்விதான். கேட்ட நாள்தான் சரியில்லை.

அம்பாசிடர் காரில் அவர் பின்னால் உட்கார்ந்தார். நான் டிரைவர் பக்கத்தில், கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடியே வந்தேன். புவனகிரிக் கடைத்தெருவில் ரேஷன் கடை வாசலில் பையும் கையுமாக மனிதர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது தற்காலிகம்" என்றார். வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கார் நிற்கவில்லை.

பிறகு என்னைப் பார்த்து, "என்னப்பா படிச்சிருக்கே?" என்றார்.

"எம்.ஏ. எகனாமிக்ஸ் சார்."

"என் கட்டுரையெல்லாம் படிக்கிறதுண்டா?"

"எல்லாத்தையும் படிச்சிருக்கேன் சார்."

அவர் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. கேட்டா ஒண்ணு கூட ஞாபகம் இருக்காது."

என் வாழ்க்கையைத் திசை திருப்பிய வாக்கியம் அது. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். இமயம் வேண்டாம், சிகரம் வேண்டாம். இவர் எழுதியதைத் தேதிவாரியாகச் சொல்லி, நான் ஒருவன் உண்மையாகவே படித்தவன் என்று நிரூபிப்பேன். அதைக் கேட்டு அசந்துபோய், மேடையிலேயே வேலையைக் கொடுத்துவிடுவார். மாமா சாப்பாட்டு நேரம் வரை காத்திருக்கத் தேவையே இருக்காது.

மாடி நிறைந்திருந்தது. கீழே கிடங்கில் இருந்த கடலை எண்ணெய் வாசனை மேலே வரை வந்தது. முன்வரிசையில் மண்டிக்காரர்கள். அவர்களோடு பரங்கிப்பேட்டையிலிருந்து காதர் பாய். அவருடைய தம்பியும் மகனும் பினாங்கில் கடை வைத்திருந்தார்கள். இங்கே அவர் முந்திரியும் மல்லாட்டையும் வாங்கி விற்பார். பக்கவாட்டில் பெண்கள் நாற்காலிகள் ஐந்தாறு. அங்கே வசந்தா உட்கார்ந்திருந்தாள். நான் பார்க்காததுபோல் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

ஆரம்பம் நன்றாகவே போனது. அவர் பிறந்த ஊர், படித்த பள்ளி, கப்பல் ஏறியது, பட்டம் வாங்கியது. எல்லாவற்றுக்கும் தேதி. (இங்கே தேதிகளை விட்டுவிடுகிறேன். அன்று விடாததால் வந்த வினைதான் இந்தக் கட்டுரை.) கைதட்டல் வந்தது. டாக்டர் தலையை லேசாகச் சாய்த்து ரசித்தார். மாமா என்னைப் பார்த்து 'போதும்' என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தார். நான் அதை 'பலே' என்று எடுத்துக்கொண்டேன்.

"இனி அவருடைய சிந்தனைகளுக்கு வருவோம்" என்றேன்.

முதல் சிந்தனை அரிசி. தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு என்பது இனிப் பழங்கதை என்று அவர் எழுதிய கட்டுரையை, வெளியான நாளோடு சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எந்த ஊரு தமிழ்நாட்டச் சொல்றாரு?"

சிரிப்பு எழுந்தது. கூட்டம் கலகலப்பாகிவிட்டது, என் பேச்சு எடுபடுகிறது என்று நினைத்தேன்.

அடுத்தது மல்லாட்டை. ஊருக்கு ஏற்ற உதாரணம் என்று காரிலேயே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். அறுவடை முடிந்ததும் விலை விழும், சரக்கை வைத்துக்கொண்டிருப்பவர் ஏமாறுவார் என்று அவர் எழுதினார். அதையும் நாளோடு சொன்னேன். அந்தப் பருவத்தில் விலை விழவில்லை. ஏறிக்கொண்டே போனது. முன்வரிசை திடீரென்று அமைதியானது. பேச்சில் மயங்கிய அமைதி என்று எண்ணினேன். அவரவர் எந்த வாரத்தில் சரக்கை விற்றோம் என்று நினைத்துப் பார்த்த அமைதி அது.

அப்போது மாமாவிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. 'சுருக்கி முடி.'

எங்கள் ஊர் மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் சீட்டு அனுப்பினால் பேச்சாளர் அதை ஒளிக்க மாட்டார். மைக்கிலேயே அறிவித்துவிட்டு மேலும் அரை மணி பேசுவார். நானும் மரபு தவறவில்லை.

"தலைவர் அவர்கள் சுருக்கச் சொல்லிச் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். அறிஞரின் சாதனைகளைச் சுருக்க நான் யார்?"

அந்த மாலையில் எனக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதற்குத்தான். அது யாருக்காகத் தட்டப்பட்டது என்று யோசிக்கும் பக்குவம் எனக்கு இல்லை.

மூன்றாவதாக ரூபாய். ரூபாயின் மதிப்பைக் குறைக்கும் பேச்சுக்கே இடமில்லை, அப்படிச் சொல்பவர்கள் வதந்தி வியாபாரிகள் என்று அவர் அந்த வருடக் கோடையில்தான் எழுதியிருந்தார். எழுதிய மை காய்வதற்குள் சர்க்கார் மதிப்பைக் குறைத்துவிட்டது. அடுத்த ஞாயிறே, 'இதைத்தான் நான் நெடுநாளாகச் சொல்லி வந்தேன்' என்று ஒரு கட்டுரை வந்தது. இரண்டையும் அடுத்தடுத்து, தேதியோடு சொல்லிவிட்டு, குரலை உயர்த்தி முத்தாய்ப்பு வைத்தேன்:

"ஒரே கருத்தில் தேங்கி நிற்பது சாமானியர் இயல்பு. நம் அறிஞரோ எந்தக் கருத்திலும் தங்கியதே இல்லை."

சத்தியமாகச் சொல்கிறேன், இது எனக்குத் தெரிந்த ஆகப் பெரிய புகழுரை. உண்மையைத் தேடுகிறவன் ஓரிடத்தில் நிற்க மாட்டான் என்று எங்கோ படித்திருந்தேன். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று அங்கே போட்டிருக்கவில்லை.

காதர் பாய் எழுந்தார். கோபமாக இல்லை. விலாசம் விசாரிப்பவர் போலக் கேட்டார்.

"தம்பி, அந்த மொதக் கட்டுரை தேதிய இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன். கிழமையும் சேர்த்தேன்.

"அதான பாத்தேன். அதப் படிச்சிட்டுத்தான் பினாங்குல என் தம்பிக்குத் தந்தி குடுத்தேன், ரூபா எறங்காது, இருக்கிற பணத்த இப்பவே அனுப்புன்னு. அனுப்பிட்டான். ரெண்டு மாசம் பொறுத்திருந்தா அதே பணம் ஒண்ணுக்கு ஒண்ணரையா வந்திருக்கும். நசீபு, தலையெழுத்துன்னு இத்தன நாளா அல்லாகிட்ட மொறையிட்டுகிட்டு இருந்தேன். விலாசம் மாறிப்போச்சு."

மாடி அதிர்ந்தது. இரண்டாவது சீட்டு வந்தது. பழக்க தோஷத்தில் அதையும் மைக்கிலேயே வாசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"தலைவர் அவர்கள் மீண்டும் அன்போடு... 'டேய், உக்கார்ரா.'"

உட்கார்ந்தேன். மாலை போட மறந்துவிட்டேன். அதை மாமா போட்டார். டாக்டரின் முகத்தைப் பார்த்துப் போட அவருக்குத் துணிவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டே போட்டார்.

டாக்டர் மார்க்கசகாயம் மைக்குக்கு வந்தபோது, எழுந்து கிளம்பிவிடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி ரொம்ப உழைச்சிருக்கார். ஆனா ஒண்ணு மட்டும் அவருக்குப் புரியலை. நான் எழுதினதெல்லாம் சரி. நடந்ததுதான் தப்பு. நாடு, பொருளாதாரம் சொல்றபடி நடக்கலேன்னா அது பொருளாதாரத்தோட குத்தமா?"

 முதலில் ஒருவர் தட்டினார். அதைப் பார்த்து அடுத்தவர் தட்டினார். கடைசியில் மாடியே தட்டியது. லண்டன் படிப்பு என்றால் என்ன என்று அன்றுதான் கண்டேன்.

காதர் பாய் மட்டும் விடவில்லை. "அப்ப எங்க நஷ்டம் சார்?"

"நீண்ட காலத்துல எல்லாம் சமமாயிடும், பாய்."

"நீண்ட காலம்னா எவ்ளோ? எனக்கு அறுவத்தெட்டு வயசாச்சு. கொஞ்சம் சுருக்குங்க."

டாக்டரும் சேர்ந்து சிரித்தார். இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். அத்தனையும் கேட்ட அதே கூட்டம், அதே முன்வரிசை, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டது:

"சார், இந்தத் தடவ மல்லாட்டை ஏறுமா, எறங்குமா?"

"இறங்கும்" என்றார் டாக்டர், ஒரு நொடிகூடத் தயங்காமல்.

சாப்பாட்டு நேரத்தில் மாமா வேலையைப் பற்றிப் பேச வாயைத் திறக்கவில்லை. நானே, புத்தி என்பது துளியும் இல்லாமல், காரில் ஏறப்போனவரிடம் போய் நின்றேன். கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, உனக்கு நல்ல ஞாபகசக்தி. எங்க தொழில்ல ஞாபகம் இருக்கிறவங்களுக்கு வேலை கிடையாது."

அவர் வாழ்க்கையில் சொன்னவற்றில் எனக்குத் தெரிந்து பலித்த ஒரே வாக்கு இதுதான். சென்னை அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அங்கே சேர்ந்த பையன் அவர் எழுதிய எதையும் படித்ததில்லை என்றும், மிக நன்றாக முன்னேறினான் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

மாமா என்னோடு பேசுவதை நிறுத்தினார். தை மாதத்துக் கல்யாணப் பேச்சையும் நிறுத்தினார். பண்ருட்டியில் யாரோ ஒரு வரன் இருப்பதாகச் சேதி வந்தது. அந்தச் சில மாதங்களைப் பற்றி நகைச்சுவையாக எழுத இன்னும் எனக்கு வரவில்லை. வாசகசாலைப் பக்கம் போகவில்லை. செய்தித்தாளைக் கண்டால் பொட்டலம் மடித்தேன். ஒரு பரீட்சை எழுதிக் கடலூரில் சர்க்கார் அலுவலகம் ஒன்றின் பதிவறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பழைய கட்டுகளைத் தேதிவாரியாக அடுக்குவது வேலை. அங்கே தேதி சொன்னால் யாருக்கும் கோபம் வராது. கேட்க யாரும் இல்லாததும் ஒரு காரணம்.

மார்கழியில் ஒரு நாள் மாமா பதிவறைக்கே வந்தார். தூசியில் தும்மிக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். 

"என்ன மாமா, உடம்பு சரியில்லையா?"

"அந்தாளு மல்லாட்டை எறங்கும்னு சொன்னான் பாரு, அது என்னா தேதி?"

சொன்னேன். கிழமையைச் சேர்க்கவில்லை. அந்த அளவு திருந்தியிருந்தேன்.

"மறுநாளே மொத்தச் சரக்கையும் வித்துட்டேன்டா."

"விலை ஏறிடுச்சே மாமா."

"அது எனக்குத் தெரியாதா? அதச் சொல்ல எம்.ஏ. படிக்கணுமா?" துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பக்கத்துல நின்னு ஒருத்தன் அவ்ளோ நேரம் கத்துறான், அந்தாளு சொன்னது ஒண்ணு கூடப் பலிக்கலன்னு. நான் சீட்டு எழுதி அவன உக்கார வெக்கிறேன். என்னைய என்னான்னு சொல்றது?"

"நான் அவரைப் புகழ்ந்தேன் மாமா."

மாமா என்னை உற்றுப் பார்த்தார்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"சரி. மண்டிக்கு நீ ஒதவ மாட்டே. பொண்ணக் கட்டிக்க."

பண்ருட்டி வரனை வசந்தா ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லியிருந்தாள் என்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது. காரணம் கேட்டேன். "அன்னிக்கு சிரிச்ச மாதிரி நான் அதுக்கு முன்னாடி சிரிச்சதில்ல. வாழ்நாள் முழுக்கச் சிரிக்க ஆள் கெடைக்கிறப்ப விடலாமா?" என்றாள். இது புகழா என்று இன்றுவரை விசாரித்து வருகிறேன்.

டாக்டர் மார்க்கசகாயத்துக்கும் ஒரு குறையும் வரவில்லை. டெல்லியில் ஒரு குழுவில் சேர்த்தார்கள். அந்தக் குழு ஏன் தோற்றது என்று ஆராய இன்னொரு குழு போட்டு, அதற்கு அவரையே தலைவராக்கினார்கள். டெலிவிஷன் வந்ததும் அதிலும் தொண்டையைக் கனைத்தார்.

எங்கள் குடும்பத்தில் மட்டும் 'வரவேற்பது' என்ற சொல்லுக்கு அன்றிலிருந்து வேறு அர்த்தம் ஒட்டிக்கொண்டது. புயல் வந்து முந்திரித் தோப்பைச் சாய்த்தால், 'தோப்ப நல்லா வரவேத்துட்டுப் போச்சு' என்பார்கள். பிள்ளைகள் பரீட்சை முடிந்து வந்தால், 'கணக்குல என்னா வரவேற்பு?' என்பார்கள். பெண் பார்க்க யாராவது வந்தால், என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் காபியே கலப்பார்கள். போன இடத்தில் நான் சீக்கிரம் திரும்பி வந்துவிடாதபடி, கிடைக்காத சாமானாகப் பார்த்து வாங்கிவரச் சொல்வார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, அவருக்கு டெல்லியில் ஒரு பெரிய விருது அறிவித்தார்கள். கடலூரில் பாராட்டுக் கூட்டம் என்றார்கள். ஏற்பாடு செய்த இளைஞர்கள் இருவர், அவரைப் பற்றி ஊரில் அதிகம் தெரிந்தவர் நான்தான் என்று யாரோ சொல்ல, வீடு தேடி வந்தார்கள். வயது போனாலும் எனக்கு ஆசை போகவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்தேன். அதற்குள் வாசலில் வசந்தாவின் குரல் கேட்டது.

"வேணாம் தம்பி. இவுரு ஏற்கெனவே ஒரு வாட்டி அவர வரவேத்துட்டாரு. அவருக்கும் வயசாயிடுச்சு, தாங்க மாட்டாரு. எழுதினது எதையும் படிக்காத ஆளா ஒருத்தரப் பாருங்க."

இளைஞர்களில் ஒருவன் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னான்:

"அப்ப கவலையில்ல அம்மா. நாங்களே பேசிக்கிறோம்."